இடுக்கிக்குப் பல் வந்த கதை

ஆற்றிலும் காட்டிலும் உள்ள உயிர்களெல்லாம் மனிதரோடு பேசிய அந்தக் காலத்தில், இருளப்பன் என்றொரு கொல்லன் இருந்தான். ஒருநாள் தேனெடுக்கப் போன அவன் மனைவி பூரணியின் முகத்தில் கரடி அறைந்துவிட்டது. கண் தப்பியது. ஆனால் மேல் இமை இரண்டாகக் கிழிந்து தொங்கியது.

காயம் தைக்கும் ஒச்சாயி ஓடிவந்தாள். இமையின் ஓரத்தை விரலால் பிடித்தாள், வழுக்கியது. இருளப்பன் முள்ளெடுக்கும் இடுக்கியைக் கொடுத்தான். அதன் வாய் மழமழவென்று இருந்ததால் அதுவும் வழுக்கியது. இறுக்கி அழுத்தினாள். ஓரம் நசுங்கிப் பிய்ந்து வந்தது.

ஒச்சாயி கையை எடுத்துவிட்டாள். "இன்னொரு தடவை பிஞ்சா தைக்க இடமிருக்காது, தம்பி. பொழுது சாஞ்சா வீங்கிடும். மூட இமை இல்லாத கண்ணு காஞ்சே போயிடும்."

"எங்கேயும் போயிடாதீங்க" என்று பூரணி அவன் கையைப் பிடித்தாள்.

"துணி நனைக்கத் தண்ணி வேணும், இதோ வந்துடறேன்" என்று ஆற்றுக்கு ஓடினான்.

கரையில் ஒரு முதலை, சாண் நீளமுள்ள தன் குஞ்சைக் கவ்விக்கொண்டு போனது.

"பெத்த பிள்ளையையே தின்னுறியே!" என்று கத்தினான்.

முதலை தண்ணீரில் இறங்கி வாயைத் திறந்தது. குஞ்சு ஒரு கீறலும் இல்லாமல் நீந்திப் போனது.

"தின்னலை. கொண்டுவந்து விட்டேன்" என்றது முதலை.

"இத்தனை பல்லு இருந்தும் எப்படிக் கிழியலை?"

"பல்லு இருக்கறதாலதான். வாய் மழமழன்னு இருந்தா, நழுவிடுமோன்னு பயந்து இறுக்குவேன். இறுக்கினா செத்துடும். பல் நுனி பட்டாலே பிடி கிடைச்சுடும். நம்பலைன்னா கையை நீட்டு."

இருளப்பன் தன் வலக்கையைப் பார்த்தான். அது போனால் உலையும் போயிற்று, பூரணியின் கண்ணும் போயிற்று. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான்.

தாடை மூடியது. வலிக்கவில்லை. இழுத்துப் பார்த்தான், கை வரவும் இல்லை. "போதும், விடு!" என்று அலறினான். முதலை விட்டது. தோலில் சின்னப் புள்ளிகள்தான் இருந்தன.

உலைக்கு ஓடி, இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகளை ஒரு முனையில் சேர்த்து அடித்தான். மறுமுனையில் ஒரு பக்கம் இரண்டு பல், எதிர்ப்பக்கம் அவற்றின் நடுவே பொருந்த ஒரு பல், எள்ளைவிடப் பொடியாக அரத்தால் அராவினான். அவசரத்தில் ஒரு பல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து அராவினான்.

அவன் கொண்டுவந்த இடுக்கியைப் பார்த்து ஒச்சாயி மிரண்டாள். "பல்லா? கிழிச்சுடுமே!"

"அழுத்தாதீங்க அக்கா. சும்மா தொட்டுப் பிடிங்க."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தாள். வழுக்கவில்லை, பிய்யவில்லை. ஊசி நுழைந்தது. ஏழு தையல்.

அடுத்த ஏழு நாளும் இருளப்பன் சரியாகத் தூங்கவில்லை. எட்டாம் நாள் கண்ணில் கட்டியிருந்த துணியைப் பிரித்தபோது இமை மெல்ல மூடியது, மெல்லத் திறந்தது.

"எதுக்கு அழறீங்க? நல்லாத்தான் தெரியுது" என்றாள் பூரணி.

மெல்லிய சதையைத் தைக்கும் மருத்துவர்களின் இடுக்கிக்கு நுனியில் பொடிப் பல் வந்தது அன்று முதல்தான். அதை அவர்கள் இறுக்காமல், விரல் நுனியால் லேசாகப் பிடிப்பதும் அன்று முதல்தான்.