கேமரா முன்னால் நடந்த நாரை

ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் நண்டு, இறால், மீன் என்று எத்தனையோ உயிர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. அங்கே ஒற்றைக் கொடுக்கன் என்றொரு கிழ நண்டு இருந்தது. கரையை வெட்ட வந்த இயந்திரத்தை மறித்தபோது அதன் மற்றொரு கொடுக்கு போயிற்று. அந்தப் போராட்டத்தை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அது மட்டும் மறக்கவில்லை.

ஒரு காலையில் ஆராய்ச்சி செய்யும் பெண்கள் இருவர் படகில் வந்தார்கள். அலையாத்தி மரத்தில் கேமராவைக் கட்டினார்கள். ஓசை பிடிக்கும் கருவியைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்கள்.

"இங்கே எத்தனை வகை உயிர்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். நிறைய இருந்தால் கழிமுகம் பிழைக்கும். இல்லாவிட்டால் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிடுவார்கள்" என்றாள் மூத்தவள்.

கழிமுகமே கலங்கியது. ஆனால் புதிதாக எது வந்தாலும் மூச்சுக் காட்டாமல் பதுங்குவதுதான் அங்கே வழக்கம்.

நாரை கழுத்தை நீட்டியது. "பயப்படாதீர்கள்! உங்கள் பிரதிநிதியாக நான் போகிறேன். கேமரா முன்னால் நடந்துகொண்டே இருப்பேன். கணக்கு மளமளவென்று ஏறும்! கூலியாகக் கொஞ்சம் பொடிமீன் போதும்!"

"பொடிமீன் என்றால் என் பிள்ளைகளா?" என்று அலறியது, உறுமல் சத்தம் எழுப்பும் கத்தாளை மீன்.

"பிரதிநிதியாம் பிரதிநிதி! இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!" என்றது நண்டு.

"உனக்குப் பொறாமை, கிழவா! வளைக்குள் போ!" என்று சீறியது நாரை.

சாயங்காலம்வரை நாரை நடந்தது. பெண்கள் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். நண்டு படகடியில் ஒட்டிக்கொண்டு அவர்கள் பேச்சைக் கேட்டது.

"நாரை, நாரை, நாரை! அத்தனையும் ஒரே நாரை, அக்கா. இறக்கை வடுவை வைத்துக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது. தண்ணீருக்குள் சத்தமே இல்லை."

"நாளை மதியம் கருவிகளைக் கழற்றிவிடலாம். இது செத்த கழிமுகம்."

நண்டுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. விடிந்ததும் வெளியே பாய்ந்தது.

"பதுங்கினால் செத்தவர்கள் என்றே எழுதுவார்கள்! கத்தாளை, உறுமு! இறாலே, கொடுக்கைச் சொடுக்கு!"

"நாரை கொத்துமே!" என்றது இறால்.

"கொத்தினால் நம்மில் ஒருவர் போவார். மண் விழுந்தால் எல்லாரும் போவோம்! முதலில் என்னைக் கொத்தட்டும்!"

கேமரா முன்னால் வேரில் ஏறி நின்றது நண்டு. நாரை பாய்ந்தது. நண்டு அதன் அலகை இறுகக் கவ்வியது!

அவ்வளவுதான்! இறால்கள் படபடவென்று சொடுக்கின. கத்தாளைகள் உறுமின. நீர்நாய் விசிலடித்துக்கொண்டு கேமரா முன் புரண்டது. சேற்றிலிருந்து சின்னஞ்சிறு மீன்கள் துள்ளின.

"அக்கா, ஓடி வா! திரை நிரம்பி வழிகிறது!" என்று கூவினாள் இளையவள்.

உயிர்களின் கணக்கு வெளியானதும், மேடாக்கக் கிளம்பிய மண் லாரிகள் வந்த வழியே திரும்பின. நாரை வீங்கிய அலகோடு, "நான்தானே தொடங்கிவைத்தேன்?" என்றது.

"எத்தனை முறை நடந்தாலும் நீங்கள் ஒரு நாரைதான், ஐயா!" என்றது நண்டு. கழிமுகமே சிரித்தது.

தன் குரலைத் தானே எழுப்பாத ஒருவரை உலகம் இல்லாதவராகவே எண்ணிவிடும். அவருக்காகப் பேச வருகிறவரோ தன்னை மட்டுமே காட்டிக்கொள்வார்.