ஐங்காலிகள் வந்த கதை

மேலச்சொக்கனூர் வேளாண்மை அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டி முடித்திருந்தார்கள். வெறுங்கட்டடம். உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. சரியாக முப்பதாம் நாள் கலெக்டர் வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு. அதற்குள் மேசை நாற்காலி வாங்கிப் போடும் பொறுப்பு தலைமை எழுத்தர் ஆவுடையப்பனிடம் வந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவரை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேலாளர் நெல்லையப்பன் கண்டிப்பாகச் சொன்னார்: "சாமான் வந்து இறங்கினப்புறம்தான் நீர் என் முகத்துல முழிக்கணும்."

மறுநாள் முதல் ஆவுடையப்பன் மேலாளர் அறைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டே நுழைந்தார். கையெழுத்து வேண்டுமென்றால் ஃபைலைத் தோளுக்கு மேலே நீட்டுவார். மேலாளர் அதைப் புதுமாதிரி மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

கடைக்காரரோ, ஆர்டர் கொடுத்தால் நாற்பத்தைந்து நாள் ஆகும் என்றார். கையில் இருந்தது முப்பது. ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. டைப்பிஸ்ட் பேச்சித்தாயையும் பதிவறை கொண்டல்சாமியையும் கூப்பிட்டு ஆலோசித்தார்.

"பதினஞ்சு நாளைக்கு முன்னாலயே ஆர்டர் கொடுத்திருக்கணும் அண்ணாச்சி," என்றான் கொண்டல்சாமி.

"அப்போ கொடுத்திருவோம்," என்றாள் பேச்சித்தாய். பதினைந்து நாள் முந்தைய தேதியைப் போட்டுக் கடிதத்தை அடித்துக் கொடுத்தாள்.

கடிதத்தைப் பார்த்த கடைக்காரர், தபால் தன் கடையில்தான் தூங்கியிருக்கிறது என்று பதறிவிட்டார். வேறு ஊருக்கு வைத்திருந்த சரக்கை அப்படியே லாரியில் ஏற்றி அனுப்பினார். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பே எல்லாம் வந்து இறங்கியது. ஆவுடையப்பன் ஒரு மாதத்துக்குப் பிறகு மேலாளரின் முகத்தைப் பார்த்தார். மேலாளர் மீசையை எடுத்திருந்தார்.

மேசைகளில் குறையில்லை. நாற்காலிகளைச் சரிபார்க்கும்போதுதான் வில்லங்கம். எட்டும் சுழல் நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் சக்கரம் வைத்த கால் ஐந்து.

கொண்டல்சாமி மூன்று தரம் எண்ணினான். "அண்ணாச்சி, நாம கேட்டது நாற்காலி. இது ஐங்காலி."

"திருப்பி அனுப்பினா இன்னும் நாற்பத்தஞ்சு நாள் ஆகுமே!" ஆவுடையப்பனுக்கு வியர்த்தது.

மேலாளர் கண்ணை மூடி யோசித்தார். "குறைச்சலா வந்திருந்தா ஒட்ட வைக்க முடியாது. கூடத்தானே வந்திருக்கு?"

ஆக்சா பிளேடு வந்தது. இந்த வேலையை வேறு யாரிடமும் விட ஆவுடையப்பனுக்கு மனசில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எட்டு நாற்காலிக்கும் தலா ஒரு காலைத் தன் கையாலேயே அறுத்தார். உள்ளங்கை கொப்பளித்தது. ஆனாலும் வரிசையாக நின்ற நாற்காலிகளைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

கலெக்டர் வந்தார், ரிப்பனை வெட்டினார், மேலாளருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் லேசாகச் சாய்ந்தார். நாற்காலி, கால் இல்லாத பக்கமாக அவரைக் கொண்டுபோய்த் தரையில் போட்டது. ஆட்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்த கலெக்டர் கத்தினார்: "நீங்க யாராவது இதுல உட்கார்ந்து பார்த்தீங்களா?"

"அதெப்படி ஐயா?" ஆவுடையப்பன் பதறினார். "திறப்பு விழாவுக்கு முன்னாடி நாங்க உட்காரலாமா?"

"உட்கார வேண்டாம்யா! நாற்காலி ஒழுங்கா நிக்குதான்னாவது பார்க்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கலெக்டர் உத்தரவு. அன்றே முறை போட்டார்கள். தினமும் பத்து மணி முதல் ஐந்தே முக்கால் வரை மேலாளரையும் சேர்த்து நான்கு பேரும் சுவரோரம் கைகட்டி நின்று, ஆளுக்கு இரண்டு நாற்காலி வீதம், நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். பேச்சித்தாய் மணிக்கு ஒருதரம் 'நிற்கிறது' என்று பதிவேட்டில் எழுதுகிறாள்.

போன வாரம் விதை நெல் கேட்டு ஒரு விவசாயி வந்து, "ஐயா, மனு கொடுத்து ரெண்டு மாசமாச்சே!" என்று குரலை உயர்த்தினார்.

ஆவுடையப்பன் நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்காமல் உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. இப்போதான் நிக்கப் பழகியிருக்கு."