ஒரு வரிக்கு ஒரு பக்கம்

"மூணு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க மேடம். என்ன குறைன்னு ஒரு தடவைகூடச் சொல்லலையே" என்றார் தாணுமூர்த்தி.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. வேலை கற்றுத்தரும் ரெஜினாவுக்கு இருபத்தெட்டு. சீடனுக்குத்தான் நரை என்று, இணையதளம் வடிவமைக்கும் அந்த நாகர்கோவில் அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். அவர் அதைக் காதில் வாங்கியதில்லை. அவள் கை பட்டதும் கோணிய பக்கங்கள் நிமிர்வதைக் கண்ணாரப் பார்த்தவர்.

சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றுக்கு இணையதளம். அங்கே நர்ஸாக இருக்கும் எஸ்தர் தினமும் பதிவு எழுதுவார். காசு கொடுத்து வாங்கிய ஆயத்த வடிவமைப்பில் அந்தப் பதிவுகளுக்குத் தோதான பக்க மாதிரி இல்லை. புதிதாகச் செய்வதுதான் தாணுமூர்த்திக்குக் கிடைத்த முதல் வேலை. நாளைக்குள் முடியாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

அவர் செய்த பக்கத்தில் மேலே அகலமான படம். கீழே இருபது சொல், பிறகு ‘மேலும் படிக்க’ என்று ஒரு பொத்தான். ஓரத்தில், எத்தனை பேருக்குப் பிடித்தது என்று காட்டும் விருப்பக் கணக்கு. மாதிரிக்கு ஓர் அருவிப் படமும் அர்த்தமில்லாத நாலு பத்தியும் போட்டிருந்தார். பக்கம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

"எஸ்தர் சிஸ்டர் எழுதினதைப் போட்டுப் பாத்தீங்களா சார்?"

எஸ்தர் அனுப்பிய பதிவுகள் இருந்த கோப்பை அவர் திறக்கவே இல்லை.

"அதுல ரொம்பச் சின்னதைப் போடுங்க." எழுந்து போய்விட்டாள்.

தேடி எடுத்தார். படமில்லை, தலைப்பில்லை. ஒரே வரி.

‘இசக்கியம்மாள் இன்று தானாக இட்லி கேட்டு, முழுதாக ஒன்று சாப்பிட்டாள்.’

போட்டார்.

மேலே, படம் வரவேண்டிய இடத்தில், சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ‘மேலும் படிக்க’வை அழுத்தினார். அதே வரிதான் வந்தது. ஓரத்தில், விருப்பம் பூஜ்யம்.

இத்தனை நாளும் யார் வாசலில் கோலம் போட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

படமில்லாத பதிவுக்குப் பெட்டி வராதபடி செய்தார். பொத்தானை எடுத்தார். விருப்பக் கணக்கும் போயிற்று. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, வரியைச் சுற்றி இடம் விட்டார். முடிக்கும்போது மறுநாள் மத்தியானம்.

ரெஜினா வந்து நின்றாள். எப்போதும் அவள் கை முதலில் மவுஸுக்குப் போகும். ஓரங்களை இழுத்துச் சோதிக்கும். இன்று போகவில்லை.

"சரியா இருக்கா மேடம்?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தம்மா மறுநாளும் இட்லி கேட்டாங்களா சார்?"