பூந்திக்கொட்டை நுரையும் கண்ணாடிக் கூடமும்

வெகு காலத்துக்கு முன்னே, பெரியவர்களே, சின்னவர்களே, வெண்கொடி நாடு என்றொரு நாடு இருந்தது. இளவழுதி அதன் ராஜா, நறுங்கோதை ராணி. அவர்களுக்குப் பூவை என்று பதினோரு மாதக் குழந்தை. அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள்.

அந்த அரண்மனையைச் சுத்தம் செய்தவள் மருதாயி. புளி, சாம்பல், எலுமிச்சைத் தோல், பூந்திக்கொட்டை, தேங்காய் நார் இவைதான் அவள் சாமான்கள். அவள் துலக்கினால் செம்பு சிவக்கும். அவள் கழுவினால் தரை குளிரும். என்ன, கொஞ்சம் நேரமாகும்.

ராஜாவுக்கு அந்த நேரம்தான் பொறுக்கவில்லை.

ஒருநாள் பளிங்கன் என்ற மாயாவி வந்தான். காலில் மரப் பாதக்குறடு, கையில் நீலக் குப்பி.

"தேய்க்க வேண்டாம், துடைக்க வேண்டாம், ஒரு சொட்டு போதும்!" என்றான். வாசல் கதவில் ஒரு சொட்டு, தரையில் ஒரு சொட்டு. கண் மூடித் திறப்பதற்குள் பெரிய கூடம் முழுவதும் பளபளத்தது. ராஜா சொக்கிப்போனார். மருதாயியை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மறுநாள் பிற்பகல். மருதாயியின் குடிசைக்குள் ஒரு பல்லி தொப்பென்று வந்து விழுந்தது. அதன் முன்கால் ஒன்று கண்ணாடியாய் இருந்தது.

"மருதாயி அக்கா, ஓடி வா!" என்றது பல்லி.

மருதாயி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "பல்லியா பேசுது?"

"ஆச்சரியப்பட நேரமில்லை அக்கா! அந்தத் தரையில் முதலில் எறும்பு கண்ணாடியாச்சு. அப்புறம் குருவி. இப்போ ராஜாவும் ராணியும் நின்ன இடத்திலேயே ஒட்டிக்கிட்டாங்க. முழங்கால் வரை கண்ணாடி! குழந்தை நடுக்கூடத்தில் இருக்கு. தவழ்ந்த கையும் காலும் கண்ணாடி! சாயங்கால வெயில் மேற்குச் சன்னல் வழியா வந்து குழந்தை மேல பட்டுட்டா, அதுக்கப்புறம் யாராலும் மாத்த முடியாதாம். அந்த மாயாவியே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். சத்தமே இல்லாத, அழுக்கே இல்லாத நாடு வேணுமாம் அவனுக்கு."

மருதாயி சட்டென்று குனிந்தாள். பல்லியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. ஊறவைத்திருந்த பூந்திக்கொட்டையைக் கசக்கி, அந்த நுரையைக் காலில் பூசினாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கண்ணாடி கரைந்து கால் துடித்தது!

அடுத்த நொடி அவள் கிளம்பிவிட்டாள். ஒரு கையில் நுரைப் பானை. மடியில் புளி, உப்பு, பயத்தமாவு, தேங்காய் நார். தோளில் பல்லி.

கூடத்தின் செம்புக் கதவு திறக்கவில்லை. அதன் பளபளப்பு பூட்டுபோல இறுகியிருந்தது. உள்ளேயிருந்து பளிங்கனின் குரல் வந்தது. "ஏன் கஷ்டப்படுகிறாய்? தேய்க்க வேண்டாம், துடைக்க வேண்டாம், ஒரு சொட்டு போதும்!"

மருதாயி மடியை அவிழ்த்தாள். புளியையும் உப்பையும் சேர்த்துத் தேய்த்தாள். தோள் கடுத்தது. தேய்த்தாள். விரல் எரிந்தது. தேய்த்தாள். கதவு கிறீச்சென்று திறந்தது.

"மருதாயி, உள்ளே வராதே! நீயும் ஒட்டிக்கொள்வாய்!" என்று அலறினார் ராஜா.

"என் குழந்தை!" என்றாள் ராணி.

நடுக்கூடத்தில் பூவை உட்கார்ந்திருந்தாள். கால்கள் இடுப்பு வரை கண்ணாடி, கைகள் தோள் வரை கண்ணாடி. அழக்கூடப் பயந்து விழித்தாள். சன்னல் வெயில் தரையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

மருதாயி வாசலில் மண்டியிட்டாள். நுரையை ஊற்றி, நாரால் தேய்த்து, ஒரு முழம் தரையைக் கழுவினாள். கழுவிய இடத்தில் மட்டும் முழங்காலை வைத்தாள். அடுத்த முழம். அதற்கடுத்த முழம். ஓர் அங்குலம் தவறினாலும் அவள் கதை அங்கேயே முடிந்துவிடும்.

"அக்கா, வெயில்!" என்றது பல்லி.

குழந்தையை எட்டியபோது வெயில் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மருதாயி சட்டென்று சன்னலுக்கு முதுகைக் காட்டிக் குழந்தையை மறைத்து உட்கார்ந்தாள். வெயில் அவள் முதுகில் விழுந்தது. நார் எடுத்த கை நின்றுவிட்டது. கண்ணாடியை அழுத்தித் தேய்த்தால் உடைந்துவிடுமே!

நாரைத் தூர வைத்தாள். பயத்தமாவை நுரையில் குழைத்தாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல, மெள்ள மெள்ளப் பூசினாள். அவசரம் நெஞ்சை இடித்தது. விரல் மட்டும் அவசரப்படவில்லை. "ஒண்ணுமில்லடி கண்ணு, ஒண்ணுமில்ல." ஒரு கை கரைந்தது. மறு கை கரைந்தது. ஒரு கால் கரைந்தது.

கூடத்துக் கோடியில் நின்று வேடிக்கை பார்த்த பளிங்கனின் சிரிப்பு நின்றது. "எழுந்திரு!" என்று கத்திக்கொண்டு, அவளை இழுத்துத் தள்ள ஓடி வந்தான். அதுவரை தரையில் ஒட்டாமல் அவனைக் காத்த பாதக்குறடு நுரையில் பட்டது. வழுக்கியது. தடாலென்று விழுந்தான். நீலக் குப்பி அவன் மார்பிலேயே உடைந்து, அத்தனை சொட்டும் அவன்மேல் கொட்டியது. ஒரு கத்தல். பிறகு கத்தலும் இல்லை. வாயைத் திறந்தபடி கண்ணாடியாய்க் கிடந்தான். வெயில் அவன்மேல் ஏறியது.

கடைசிக் காலும் கரைந்தது. பூவை வீரிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு ராணியும் அழுதாள், ராஜாவும் அழுதார். அவர்கள் கால்களையும், எறும்பையும், குருவியையும் கழுவி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

"மருதாயி, உன்னை வேலையிலிருந்து நிறுத்தியது என் தப்பு. என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா, தலை குனிந்து.

"குளத்தங்கரை நிலத்தைக் குடுங்க மகாராஜா, பூந்திமரம் வைக்கணும். அப்புறம், இன்னும் பாதிக் கூடம் கழுவாமக் கிடக்கு. ஒரு நார் எடுத்துக்கிட்டு நீங்களும் உட்காருங்க."

ராஜா கிரீடத்தைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

குளத்தங்கரை மருதாயிக்குச் சொந்தமாயிற்று. மரங்கள் வளர்ந்தன, காய்த்தன, வெண்கொடி நாட்டு வீடுகளெல்லாம் அந்த நுரையில் குளிர்ந்தன. பளிங்கனை முற்றத்து மூலையில் நிறுத்தி வைத்தார்கள். அவன்மேல் இன்றைக்கும் தூசி படிகிறதாம். துடைக்கத்தான் ஆளில்லை.