நாலு விரற்கடைப் பட்டை

ஆவுடையம்மாளுக்கு வயது நாற்பது. குளத்தங்கரை மடத்தில் அவள்தான் குரு. சீடர் மாடக்கண்ணு அவளைவிட இருபது வயது மூத்தவர், ஜெயிலில் முப்பது வருஷம் வார்டராக இருந்தவர். சீடரான பிறகும் வார்டரய்யா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

ஒரு சந்தை நாளில் அவர் மூச்சிரைக்க மடத்துக்குள் நுழைந்தார். பின்னாலேயே அவருடைய சிப்பிப்பாறை நாய், வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு. முதுகில் பெல்ட் பட்ட தடம் தடித்திருந்தது.

“நன்றி கெட்ட நாய்ம்மா இது. சந்தையில ஆட்டுக்குட்டி ஒண்ணு துள்ளி ஓடுச்சு. விரட்டிப் போய்க் காலைக் கவ்விட்டான். தொண்டை கிழியக் கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கலை. இவனுக்குப் புத்தி வர என்ன செய்யணும், சொல்லுங்க.”

“குட்டி?”

“கால் ஒடிஞ்சிருச்சு.”

“நாயை எப்போ அடிச்சீர்?”

“திரும்பி வந்ததும் அடிச்சேன்.”

“அப்போ ஓடினதுக்கு அடி இல்லை. வந்ததுக்குத்தான் அடி.”

மாடக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. “கூப்பிட்டா வரணுமில்ல?” என்றார்.

ஆவுடையம்மாள் வேட்டைநாய் வளர்த்த வீட்டில் பிறந்தவள். “ஓடுறதைக் கண்டுட்டா இந்த ஜாதிக்குக் காது கிடையாது. கண்ணு மட்டும்தான். கயிறு எங்கே?”

“கயிறு போட மாட்டேன். முப்பது வருஷம் மனுஷனைப் பூட்டி வச்ச கை இது. இந்த ஒரு உசிரையாவது அவிழ்த்து விட்டு வளர்ப்பேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

அவள் முகம் சிவந்து போயிற்று. சத்தம் போட்டிருந்தாலும் தேவலை. போடவில்லை.

“உம்ம பாவம் கரையணும்னா ஊரார் குட்டி காலொடியணுமோ? யாரு குட்டி அது?”

“சீனியம்மாளோடது.”

“அவ என்ன சொன்னா?”

“தெரியலை. சந்தை சனங்க கல்லெடுத்தாங்க. நான் நிக்கலை, வந்துட்டேன்.”

அவள் தன் காவித் துண்டை எடுத்தாள். நாலு விரற்கடை அகலம் வரும்படி மடித்து, கோணி ஊசியால் தைத்தாள். ஒவ்வொரு குத்தும் யாரையோ குத்துவதுபோல இருந்தது. நாய் மாடக்கண்ணு பக்கம் போகாமல் அவள் காலடியிலேயே நின்றது.

“கடைப் பட்டை இதுக்கு ஆகாது. தலை குறுகல், கழுத்து தடி. மிரண்டு பின்னால நழுவினா தலைவழியா உருவிக்கிட்டுப் போயிரும். அகலமா, காதை ஒட்டிக் கட்டணும். கயித்தை ரெண்டு முழத்துக்கு மேல விடாதீர். நீளம் கிடைச்சா வேகம் பிடிச்சுக் கழுத்தை முறிச்சுக்கும்.”

பட்டையைக் கட்டி, கயிற்றை அவர் கையில் திணித்தாள்.

“நடந்து போம்.”

“எங்கே?”

“சந்தை வழியா, சீனியம்மா வீட்டுக்கு. குட்டிக்குக் கட்டுப் போட வேண்டாமா?”

“அம்மா, அங்க இன்னும் கொதிச்சுக்கிட்டு இருப்பாங்க. கல்லெறிவாங்க.”

“எறிவாங்க. நாய்க்கு முன்னால நில்லும்.”

“இவன் மிரண்டு ஓடிருவானே.”

“அவன் ஓட மாட்டான். அவனைக் கட்டியாச்சு. அந்தக் கயித்துக்கு இன்னொரு முனையும் இருக்கு, வார்டரய்யா. அது ஓடாம பார்த்துக்கிடும்.”