அப்பாவுக்கு வைத்த சொல்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவன் என் தம்பி சற்குணம். ஒவ்வொரு முறையும் ஒரு வரி மாறாமல் சொல்வான். நடந்ததை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்க ஒரு தேர்வு உண்டு. அதற்காக அவன் ஆங்கிலச் சொற்களைப் படித்துக்கொண்டிருந்த காலம். யாரும் பேச்சில் சொல்லாத சொற்கள். திருச்சியில் ஒரு மருந்துக்கடை மாடியில் ரெஜினா என்பவர் வகுப்பு நடத்தினார். அவருக்கும் தம்பிக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

ஒரு மதியம் வகுப்பு முடிந்த பிறகும் அவன் போகாமல் நின்றான்.

"மேடம், ஒரு வார்த்தையை மறக்கணும்."

ரெஜினா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க வர்றவங்க எல்லாம் எதுவும் ஞாபகம் நிக்கலைன்னுதான் புலம்புவாங்க. நீங்க என்ன இப்படி வந்திருக்கீங்க?"

"நீங்க சொல்லிக்கொடுத்த வழிதான் மேடம்."

ரெஜினாவின் வழி எளிது. சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யக் கூடாது. தெரிந்த ஒருவர் மேல் வைத்துவிட வேண்டும். முகம் வந்தால் சொல் வரும். சொல் வந்தால் முகம் வரும்.

கஞ்சனுக்கான சொல்லைத் தம்பி எங்கள் மாமா மேல் வைத்தான். ஓயாமல் பேசுகிறவருக்கான சொல்லை எதிர்வீட்டு லோகநாயகி அக்கா மேல். தெருவில் நடந்தாலே பாடம் ஓடியது.

"எந்த வார்த்தை?"

"அப்ஸீக்வியஸ்."

மேலே இருப்பவர்கள் முன்னால் குழைந்து நிற்கிறவன் என்று பொருள்.

"யார் மேல வச்சீங்க?"

"எங்கப்பா மேல."

ரெஜினா துடைப்பதை நிறுத்தினார்.

"அப்பா ஆஸ்பத்திரியில இருக்கார் மேடம். பக்கவாதம். டாக்டர் கையை விரிச்சுட்டார். நேத்து ஆயாம்மா விரிப்பு மாத்த வந்தாங்க. அப்பா அவங்களைக் கும்பிடப் பார்த்தார். வலது கை வரல. இடது கை மட்டும் எழுந்து இன்னொரு கையைத் தேடிச்சு."

இது உண்மை. அந்தக் கையை நானும் பார்த்தேன்.

"அப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"அந்த வார்த்தை. ஸ்பெல்லிங்கோட. அழுகை வரல. முகத்தைத்தான் பார்க்கிறேன், வார்த்தைதான் தெரியுது. அவர் போறதுக்குள்ள ஒரு தடவை அவரை அவராப் பார்க்கணும் மேடம்."

"அந்த வார்த்தைக்கு வேற ஆளைப் போடுங்க."

"போட்டுப் பார்த்தேன். நிக்கல. அவ்வளவு பொருத்தமா யாரும் இல்ல."

"அப்படி என்ன பண்ணுவார்?"

"தாலுகா ஆபீஸ் பியூன். எல்லார்கிட்டயும் அப்படித்தான். என்னை இங்கிலீஷ் மீடியத்துல சேர்க்கணும்னு ஸ்கூல் வாசல்லயே கிடந்தார். கரஸ்பாண்டென்ட் கார் வந்தா போதும், செருப்பைக் கழட்டிட்டு அப்படியே வளைஞ்சிடுவார். பக்கத்துல நான் நிக்கணும். உடம்பெல்லாம் கூசும்."

ரெஜினா டஸ்டரை வைத்துவிட்டு வெளியே போனார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. கைகள் மார்பில் குவிந்தன. குரல் தாழ்ந்தது.

"எப்படியாவது ஒரு இடம் கொடுங்க. பெஞ்சுகூட வேண்டாம். ஓரமா நின்னுக்கிட்டாவது..."

தம்பி ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"அப்பாவேதான். நீங்க அவரைப் பார்த்ததே இல்லையே மேடம்."

"பார்த்ததில்ல."

குவித்த கைகளைப் பிரிக்காமலே ரெஜினா சொன்னார்.

"இது நீங்க. போன ஜூன்ல, பேட்ச் நிறைஞ்சிடுச்சுன்னு சொன்னப்போ, இதே வாசல்ல."

தம்பி சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும். கேட்கிறவர்கள் மெல்லத் தலையாட்டுவார்கள்.

நான் ஆட்டியதில்லை. அன்று மாலை ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் இருந்தவன் நான். தம்பி வந்தான். கால்மாட்டில் நின்றான். அப்பாவைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றான். விடிவதற்குள் அப்பா போய்விட்டார்.

அவன் தேர்வில் தேறினான். போனான். அங்கேயே இருந்துவிட்டான்.

இந்த வருடம் திவசத்துக்கு வந்திருந்தான். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அப்பாவின் படத்துக்கு முன்னால் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். படத்தில் மாலை சற்றுச் சரிந்திருந்தது. அவன் சரிசெய்யவில்லை. நானும் எழவில்லை.

"இப்பவாவது முகம் தெரியுதாடா?"

"இல்லண்ணே."

பொய் சொல்கிறவன் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லமாட்டான். அந்த ஒரு பதிலில்தான் நான் முழுக் கதையையும் நம்பினேன்.

"மாமாவுக்கு ஒண்ணு வச்சே. லோகநாயகி அக்காவுக்கு ஒண்ணு. அப்பாவுக்கு ஒண்ணு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு என்ன வார்த்தைடா வச்சே?"