லில்லி புஷ்பத்தின் தலைக்கு நுரை

"டீச்சர், இன்னைக்கும் நுரை வரல" என்றார் தேவசகாயம்.

ஷமீமா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

நாகர்கோவிலில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் அவள் சோப்பும் ஷாம்பும் செய்யக் கற்றுக்கொடுத்தாள். வயது முப்பத்திரண்டு. தேவசகாயத்துக்கு அறுபத்தொன்று. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் ஆண். மற்றவர்களைப் போல அவரும் முதல் நாளே அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவர் வந்தது மனைவி லில்லி புஷ்பத்துக்காக.

இரண்டு வருஷமாக அவளுக்குத் தலையில் சொரியாசிஸ்; தோல் தடித்துப் பொருக்குப் பொருக்காக உரிந்தது. வழக்கமாகப் போடும் ஷாம்பு பட்டால் எரிந்தது. நுரைக்காகச் சேர்க்கும் சல்பேட் இல்லாததாகப் பார்த்துப் போடச் சொன்னார் டாக்டர். வாங்கிக் கொடுத்த எதிலும் நுரை இல்லை. நுரை இல்லாவிட்டால் குளித்த மாதிரியே இல்லை என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டாள்.

நுரை வரும் ஒரு ஷாம்பை அவளுக்குச் செய்து கொடுத்தே தீருவது என்று தேவசகாயம் முடிவு செய்தார்.

ஐந்து மாதம் ஆகியிருந்தது. இது பதினான்காவது பாட்டில்.

இதில் என்னென்ன இருக்கிறது என்று ஷமீமா கேட்டாள். அவர் மனப்பாடமாகச் சொன்னார். நுரைப்பதற்கு, தேங்காயிலிருந்து எடுக்கும் குளுக்கோசைடு. அது போதாதென்று பீட்டெய்ன். முடி வறண்டுவிடக் கூடாதென்று கற்றாழை. மென்மைக்குத் தேன். எட்டாவது பாட்டிலிலிருந்து பாதாம் எண்ணெயும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக.

அவள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, குளுக்கோசைடும் பீட்டெய்னும் மட்டும் கலந்து, முட்டை அடிக்கும் கம்பியால் அடித்தாள். நுரை விளிம்புவரை எழுந்தது.

பிறகு பாதாம் எண்ணெய் நாலு சொட்டு விட்டு மறுபடி அடித்தாள்.

நுரை அமர்ந்துவிட்டது.

தேவசகாயம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் போட்டதுதான் அமுக்கியிருக்கு."

அன்று சாயங்காலமே பதினைந்தாவது பாட்டில் தயாரானது. எண்ணெய் இல்லை, தேனும் இல்லை. குலுக்கியதும் பாட்டில் வெள்ளையாக நிறைந்தது. அதை லில்லி புஷ்பத்திடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்கு வெளியே காத்து நின்றார்.

வெளியே வந்தவள் நன்றாக இருக்கிறது என்றாள். தரையில் நுரையின் சுவடே இல்லை. உண்மையைச் சொல் என்றார். இதிலும் வரவில்லை என்றாள். போதும், விட்டுவிடுங்கள் என்றும் சொன்னாள்.

அவர் விடவில்லை. பீட்டெய்னைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். பிஹெச் காகிதத்தை முக்கி முக்கிப் புளிப்பைச் சரிசெய்தார். போர் தண்ணீர் வேண்டாமென்று கேன் தண்ணீர் வாங்கி வைத்தார். பாட்டிலில் நுரைத்தது எதுவும் அவள் தலையில் நுரைக்கவில்லை.

பதினெட்டாவது பாட்டிலை ஷமீமாவின் மேஜைமேல் வைத்தார்.

"இன்னும் என்ன சேக்கணும் டீச்சர்? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, செய்றேன்."

"இத யாரு தேய்ச்சது?"

"அவதான்."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. கதவு சாத்தியிருந்துச்சு."

ஷமீமா பாட்டிலை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"அடுத்த வாரம் பாட்டில் கொண்டுவராதீங்க சார். உங்க கையால தேய்ச்சுவிட்டுட்டு வாங்க."

கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம். ஒரு நாளும் அவர் மனைவிக்குத் தலை தேய்த்துவிட்டதில்லை.

லில்லி புஷ்பம் சம்மதிக்கவில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும், வேண்டாம் என்றாள். மூன்று நாள் மறுத்தாள். மூன்று நாளும் அவர் கேட்டார். நான்காம் நாள் காலையில் பின்வாசல் குழாயடியில் ஸ்டூலைப் போட்டு, வாளியில் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் வந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் கொடுத்த மருந்தெண்ணெய் தலையெல்லாம் பிசுபிசுத்தது. தண்ணீர் விட்டு, பதினெட்டாவது பாட்டிலில் இருந்ததை ஊற்றினார். அவள் தலையைத் தொடாமல், அப்படியே அலசிவிடக் கப்புக்குக் கை நீட்டினாள்.

"இப்படித்தான் தினமும் குளிப்பியா?"

"தொட்டா வலிக்கும்."

அவர் விரலை வைத்தார். ஒரு பொருக்கில் பட்டதும் அவள் தோள்கள் சுருங்கின.

அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். சற்றுக் கழித்துத் திரும்பி வந்து, மறுபடி அவள் தலையில் கை வைத்தார். விரல் நுனிச் சதையால், பொருக்குகளைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். இந்தத் தடவை தோள்கள் அசையவில்லை.

நுரை வரவில்லை. எண்ணெய்தான் கலங்கி இறங்கியது. அலசினார். மறுபடி ஊற்றினார். மறுபடி தேய்த்தார்.

நெற்றியோரமாக வெள்ளையாக ஒன்று வழிந்தது. லில்லி புஷ்பம் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் அந்தக் கையைக் கழுவவில்லை.

சனிக்கிழமை தேவசகாயம் வெறுங்கையோடு மாடியேறி வந்தார். நுரை வந்தது என்றார்.

வகுப்பிலிருந்த பெண்கள் எழுதிக்கொள்ள நோட்டைத் திறந்தார்கள்.

"என்ன சேத்தீங்க சார்?" என்றாள் ஷமீமா.

"ஒண்ணும் சேக்கல டீச்சர்" என்றார் அவர். "நகத்த வெட்டினேன்."